முதன்முதலாகக் கிளி வளர்க்கப்போறீங்களா? அது மறைப்பதைக் கண்டுபிடிக்கக் கத்துக்கோங்க

காலையில் கிளம்பும் அவசரம். கூண்டை ஒரு பார்வை பார்க்கிறீர்கள். கிளி கம்பில் உட்கார்ந்திருக்கிறது. கிண்ணம் நிறையத் தானியம் இருக்கிறது. "ஓகே, நல்லாத்தான் இருக்கு" என்று பையை எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறீர்கள். மாலையில் வந்து பார்த்தால், கிளி கூண்டின் தரையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறது.

"நேத்துவரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?"

கிளியைப் பறிகொடுத்தவர்கள் பலரும் சொல்வது இதைத்தான். ஆனால் பெரும்பாலும் அது நேற்றே நன்றாக இருந்திருக்காது.

காட்டில் கிளி மற்ற விலங்குகளுக்கு இரை. கூட்டத்தில் எது சோர்ந்து தெரிகிறதோ, அதைத்தான் பருந்து குறிவைக்கும். அதனால் உடம்பு சரியில்லை என்பதை முடிந்தவரை மறைப்பது கிளியின் இயல்பு. கூண்டில் பிறந்து, மனிதர் கையில் வளர்ந்த கிளிக்கும் அந்தக் குணம் போகாது. வெளியே தெரியும்படி அது சோர்ந்துபோகும்போது நோய் முற்றியிருக்கும்.

கிளிக்குப் பேசக் கற்றுக்கொடுப்பது எப்படி என்றுதான் முதலில் தேடுவோம். அதற்கு முன்பு, அது பேசாமல் மறைப்பதைக் கண்டுபிடிக்க நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டும். எங்கே ஆரம்பிப்பது?

எந்தக் கிளி?

சிங்கப்பூரில் முதன்முறையாகக் கிளி வளர்ப்போருக்கு ஓரளவு ஏற்றவை மூன்று: பட்ஜி, லவ்பேர்ட், காக்கட்டீல். இந்தக் கட்டுரையில் காக்கட்டீலை உதாரணமாக வைத்துக்கொள்வோம். தலையில் கொண்டை, பலவற்றுக்குக் கன்னத்தில் ஆரஞ்சு வட்டம். எடை சுமார் 80 முதல் 100 கிராம். சொந்த ஊர் ஆஸ்திரேலியா.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் காக்கட்டீல் 15 முதல் 20 ஆண்டுவரை வாழும். இப்போ உங்களுக்கு 18 வயசுன்னு வைங்க. தேசிய சேவை, பல்கலைக்கழகம், முதல் வேலை, கல்யாணம், பிடிஓ வீட்டுச் சாவி... இத்தனையும் முடிந்த பிறகும் அந்தக் கிளி உங்களோடு இருக்கலாம். நீங்கள் வெளிநாட்டில் படிக்கப்போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்? "அம்மா பாத்துப்பாங்க" என்றால், அம்மாவிடம் இன்றே கேட்டுவிடுங்க.

இன்னொரு விஷயம், சட்டம். உலகில் உள்ள கிளி இனங்களில் ஏறக்குறைய எல்லாமே சைட்டிஸ் எனும் அனைத்துலக உடன்பாட்டின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. பட்ஜி, காக்கட்டீல், பீச் நிற முகம் கொண்ட லவ்பேர்ட், நம் ஊர்ப் பச்சைக்கிளி ஆகிய நான்கு இனங்களுக்கு மட்டுமே அதில் விலக்கு. அழகாகப் பேசும் ஆப்பிரிக்கச் சாம்பல்நிறக் கிளி, 2017ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து ஆகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது.

ஆகவே உரிமம் பெற்ற கடையில் வாங்குங்க. பறவை எங்கிருந்து வந்தது என்று கேளுங்க, ஆவணத்தைக் காட்டச் சொல்லுங்க. டெலிகிராமில் "மலிவு விலை, இன்னிக்கே டெலிவரி" என்று வருவதை நம்பி இறங்க வேண்டாம். கடத்தி வரப்பட்ட பறவை நோயோடும் வரலாம், வழக்கோடும் வரலாம். இந்தியாவிலிருந்து யாராவது பச்சைக்கிளி கொண்டுவந்து தருவதாகச் சொன்னாலும் வேண்டாம். அங்கே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, உள்நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம்.

குஞ்சாக வாங்கினால்தான் ஒட்டுமா?

"இறகு முளைக்காத குஞ்சா வாங்கி, ஊசிக்குழல்ல கூழ் ஊட்டினாத்தான் உங்ககிட்ட ஒட்டும்." இப்படிச் சொல்லி விற்பவர்கள் உண்டு. அனுபவம் இல்லாதவருக்கு இது ஆபத்தான யோசனை.

குஞ்சுக்கு ஊட்டும் கூழ் சுமார் 39 முதல் 41 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் அதன் தீனிப்பை வெந்துவிடும். ஆறிப்போனால் செரிமானம் நின்று, உள்ளேயே புளிக்கத் தொடங்கும். குழலை வைக்கும் கோணம் தவறினால் கூழ் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அதன் பிறகு அந்த உயிரைக் காப்பாற்றுவது கஷ்டம்.

தானாகச் சாப்பிடப் பழகிய கிளியைக் கேட்டு வாங்குங்க. காக்கட்டீல் சுமார் 8 முதல் 10 வாரத்தில் அந்தக் கட்டத்துக்கு வரும். சொல்வதை அப்படியே நம்பாமல், கடையில் கொஞ்ச நேரம் நின்று அது தானாகக் கொத்திச் சாப்பிடுகிறதா என்று பாருங்க. அந்த வயதிலும் அது உங்களிடம் நன்றாகவே ஒட்டும். கிளி நம்புவது ஊட்டிய கையை மட்டுமல்ல, பயமுறுத்தாத கையையும்தான்.

கூண்டு எங்கே இருக்கணும்?

முதலில் கூண்டு. கிளி இரண்டு சிறகையும் முழுதாக விரித்து அடித்தாலும் கம்பியில் படாத அளவுக்கு அகலம் வேண்டும். உயரத்தைவிட அகலம் முக்கியம். கம்பிகளுக்கு இடையில் தலை நுழையக்கூடாது. துருப்பிடித்த கூண்டும், பெயிண்ட் உரியும் கூண்டும் வேண்டாம். கிளி கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கும். துத்தநாகமும் ஈயமும் அதன் உடம்புக்குள் போனால் விஷம். உட்காரும் கம்புகள் வெவ்வேறு பருமனில் இயற்கையான மரக்கிளையாக இருந்தால் காலில் புண் வராது.

அடுத்தது இடம். வீவக வீட்டில் வரவேற்பறையின் ஒரு மூலை நல்லது. ஒரு பக்கம் சுவர் இருந்தால் கிளிக்குப் பாதுகாப்பாகத் தோன்றும். சமையலறையில் மட்டும் வேண்டாம்.

ஏன் சமையலறை கூடாது? பறவையின் மூச்சு நம்முடையதைப் போன்றது அல்ல. நுரையீரலோடு சேர்த்து உடம்புக்குள் காற்றுப் பைகள் இருக்கின்றன. மூச்சை உள்ளே இழுக்கும்போதும் சரி, வெளியே விடும்போதும் சரி, புதுக்காற்று நுரையீரல் வழியாக ஒரே திசையில் போய்க்கொண்டே இருக்கும். பறப்பதற்குத் தேவையான ஆக்சிஜனை அள்ளித் தரும் அற்புதமான ஏற்பாடு அது. காற்றில் விஷம் இருந்தால் அதையும் அப்படியே அள்ளிக்கொள்ளும்.

நான்ஸ்டிக் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு ஒரு போன் பேசப்போகிறோம். கல் அளவுக்கு மீறிச் சூடாகிவிடுகிறது. அதன் மேற்பூச்சிலிருந்து வரும் ஆவி நம் மூக்குக்குத் தெரியாமலேயே கிளியைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். அடுத்த அறையில் இருந்தாலும் தப்பிப்பது கடினம். ஏர் ஃப்ரையர் சிலவற்றிலும் இதே பூச்சு உண்டு. கிளி இருக்கும் வீட்டில் இரும்புக் கல்லோ எவர்சில்வர் சட்டியோதான் நல்லது.

நம் வீடுகளில் இன்னொன்றும் இருக்கிறது: வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ஊதுபத்தி. பாட்டியிடம் "இனிமே போடாதீங்க" என்று சொல்வது சங்கடம்தான். ஆனால் விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். சாமி மேடைக்கும் கூண்டுக்கும் நடுவில் கதவு மூடிய ஓர் அறையாவது இருக்கட்டும். புகை கலையும்வரை ஜன்னல் திறந்திருக்கட்டும். கொசுவர்த்தி, வாசனை மெழுகுவர்த்தி, கொசு மருந்து, சிகரெட் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். புகைமூட்டக் காலத்தில் ஜன்னலை மூடிக் கிளியை உள்ளறைக்கு மாற்றிவிடுங்க.

கூண்டைத் திறக்கும் முன் மூன்றைச் சரிபாருங்க: ஜன்னல் மூடியிருக்கிறதா, மின்விசிறி நின்றிருக்கிறதா, அடுப்பில் எதுவும் கொதிக்கிறதா. பத்தாவது மாடியிலிருந்து பயந்து பறந்த குட்டிக் கிளிக்கு வீடு திரும்பும் வழி தெரியாது.

முதல் வாரம்: அவசரமே வேண்டாம்

வீட்டுக்கு வந்த முதல் நாள் எல்லாரும் கையில் எடுக்கத் துடிப்பார்கள். தம்பி, தங்கச்சி, பக்கத்து வீட்டு ஆன்ட்டி... கொஞ்சம் பொறுங்க. அந்தக் குட்டிக்கு இது தெரியாத இடம். நீங்கள் அதைவிடப் பல நூறு மடங்கு கனமான பிராணி.

முதல் இரண்டு மூன்று நாளுக்குக் கூண்டருகே உட்கார்ந்து மெதுவாகப் பேசினால் போதும். புத்தகம் படியுங்க, வீட்டுப்பாடம் செய்யுங்க. உங்கள் குரல் ஆபத்தில்லாத குரல் என்று அது பழகட்டும். பிறகு கம்பி வழியாக ஒரு தினைக் கதிரை நீட்டிப் பாருங்க. அது வந்து கொத்தினால் அன்றைக்கு அதுவே பெரிய வெற்றி. அடுத்து திறந்த கூண்டுக்குள் கை, அதற்கடுத்து விரல்மேல் ஏறுவது. தினம் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம்.

காக்கட்டீலின் கொண்டையைப் பாருங்க. நேராக நிமிர்ந்திருந்தால் ஏதோ ஒன்று அதன் கவனத்தை ஈர்த்திருக்கிறது, அல்லது அது திடுக்கிட்டிருக்கிறது. தலையோடு ஒட்டிப் படிந்து, "ஸ்ஸ்" என்று சீறினால் "கிட்ட வராதே" என்று பொருள். பாதி சாய்ந்து தளர்வாக இருந்தால் நிம்மதி. தூங்கும் முன் அலகைக் கரகரவென்று அரைத்தால், பயப்படாதீங்க, அது சுகமாக இருக்கிறது.

கடித்துவிட்டால்? கத்தாதீங்க, அடிக்காதீங்க, கூண்டைத் தட்டாதீங்க. கையை உதறினால் அது கீழே விழும், உங்கள் மேலுள்ள நம்பிக்கையும் போய்விடும். மெதுவாகக் கிளியைக் கீழே இறக்கிவிட்டு, கடிக்கும் முன் அது என்ன சைகை காட்டியது என்று யோசியுங்க. பெரும்பாலும் ஏதாவது காட்டியிருக்கும். நாம்தான் பார்த்திருக்க மாட்டோம்.

கிண்ணம் நிறைந்திருந்தால் சாப்பிட்டதாக அர்த்தமா?

சூரியகாந்தி விதையைக் கிளிக்குப் பிடிக்கும். நமக்கு முறுக்கு பிடிப்பதுபோலத்தான். விதையை மட்டுமே தின்று வளரும் கிளிக்குக் கொழுப்பு கூடி ஈரல் கெடும். வைட்டமின் ஏ குறைந்து மூக்கிலும் தொண்டையிலும் தொற்று வரும். கிளிக்கென்றே தயாரிக்கும் உருண்டைத் தீனி பெரும்பகுதி, அதோடு தினமும் காய்கறி, கொஞ்சம் பழம், பரிசாக மட்டும் விதை என்று பழக்குங்க. விதைக்குப் பழகிய கிளியை ஒரே நாளில் மாற்றக்கூடாது. புதுத் தீனியை உணவென்றே நினைக்காமல் அது பட்டினி கிடக்கும். சில வாரம் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்க.

தேக்கா சந்தைக்குப் போனால் கிளிக்கும் சேர்த்தே வாங்கலாம்: கோவைக்காய், முருங்கைக்கீரை, கேரட், பூசணி, குடைமிளகாய், பப்பாளி. பச்சை மிளகாய்கூடக் கொடுக்கலாம். உறைக்காதா? உறைக்காது. நம் நாக்கில் காரத்தை உணரவைக்கும் கேப்சைசின், பறவையின் நரம்பு முனைகளில் வேலை செய்வதில்லை. கூண்டில் கணவாய் ஓடு ஒன்றைத் தொங்கவிட்டால் கால்சியம் கிடைக்கும்.

கொடுக்கவே கூடாதவை: வெண்ணெய்ப்பழம் எனப்படும் அவகாடோ, சாக்லேட், காப்பி, டீ, மது, வெங்காயம், பூண்டு, உப்புத் தின்பண்டங்கள். "ஒரு வாய்தானே" என்று நமக்குத் தோன்றும். 90 கிராம் உடம்புக்கு ஒரு வாய் என்பது சின்ன அளவு கிடையாது.

இப்போது அந்தக் காலைக் காட்சிக்கு வருவோம். கிண்ணம் நிறையத் தானியம் இருந்ததே? கிளி விதையை உடைத்து, பருப்பைத் தின்றுவிட்டு, உமியைக் கிண்ணத்திலேயே போடும். மேலோட்டமாகப் பார்த்தால் கிண்ணம் நிறைந்தே தெரியும். ஊதிப் பார்த்தால்தான் அது வெறும் உமி என்று புரியும். நேர்மாறாகவும் நடக்கும்: நோயுற்ற கிளி சாப்பிடுவதுபோலக் கிண்ணத்தைக் கொத்திக்கொண்டே இருக்கும், எதையும் விழுங்காது.

அப்போ எதை நம்புறது?

தராசை நம்புங்க

கூண்டுக்கு அடுத்து நீங்கள் வாங்க வேண்டிய முக்கியமான பொருள், ஒரு கிராம்வரை துல்லியமாகக் காட்டும் சமையலறைத் தராசு. தினமும் காலையில், முதல் எச்சம் போட்ட பிறகு, சாப்பாட்டுக்கு முன் கிளியை நிறுத்துப் பாருங்க. தராசின்மேல் ஒரு சிறு கம்பை வைத்துவிட்டால் அதில் ஏறி உட்காரப் பழகிவிடும். எண்ணைப் போனில் குறித்து வையுங்க.

இறகு மெலிவை மறைத்துவிடும். எண் மறைக்காது. 90 கிராம் இருந்த கிளி 81 கிராமுக்கு வந்தால் பத்தில் ஒரு பங்கு எடை போய்விட்டது. அது சுறுசுறுப்பாகவே தெரிந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டிய நேரம் அது. புதிதாக வந்த குட்டி இடம் மாறிய பயத்தில் மறுபடியும் குஞ்சுபோலத் தலையை ஆட்டி ஊட்டச் சொல்லிக் கெஞ்சலாம். கெஞ்சலோடு எடையும் குறைந்தால் தாமதிக்க வேண்டாம்.

அடுத்து எச்சம். கூண்டின் தரையில் வெள்ளைத்தாள் விரித்தால் தெளிவாகத் தெரியும். ஆரோக்கியமான எச்சத்தில் மூன்று பகுதி உண்டு: பச்சையோ பழுப்போ நிறத்தில் மலம், வெள்ளையாகச் சுண்ணாம்புபோல ஒன்று, கொஞ்சம் தெளிந்த நீர். பீட்ரூட் தின்றால் நிறம் மாறுவது சகஜம். காரணமே இல்லாமல் நிறமோ அளவோ மாறி அப்படியே நீடித்தால் கவனியுங்க.

இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் அன்றே மருத்துவரை அழையுங்க: பகலெல்லாம் இறகைச் சிலிர்த்துக்கொண்டு தூக்கம், மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடுவது, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, கூண்டின் தரையில் உட்காருவது, வாந்தி, ரத்தம், சாப்பிடாமல் இருப்பது. சின்னக் கிளிக்கு ஒரு நாள் பட்டினியே ஆபத்து. "நாளைக்குப் பார்ப்போம்" வேண்டாம். கிளம்பும்வரை அமைதியான, இதமான சூடு உள்ள இடத்தில் வையுங்க.

ஒரு முக்கியமான விஷயம்: எல்லாக் கால்நடை மருந்தகங்களும் பறவைகளைப் பார்ப்பதில்லை. கிளி வாங்கும் முன்பே பறவை மருத்துவர் எங்கே இருக்கிறார், இரவில் யாரை அழைப்பது, கட்டணம் எவ்வளவு என்று விசாரித்து வையுங்க. கிளியின் விலையைவிட முதல் சிகிச்சையின் கட்டணம் கூடுதலாக இருக்கலாம். அதற்கென்று மாதம் கொஞ்சம் வெள்ளி ஒதுக்க முடியாவிட்டால், இப்போதைக்குக் கிளி வாங்காமல் இருப்பதே நியாயம்.

தூக்கம், தனிமை, சத்தம்

கிளிக்கு இரவில் 10 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். நள்ளிரவுவரை டிவி ஓடும் வீட்டில் அது எரிச்சலாகும், கடிக்கும். இருட்டில் ஏதாவது சத்தம் கேட்டால் காக்கட்டீல் மிரண்டு கூண்டுக்குள் படபடவென்று அடித்துக்கொள்ளும். மங்கலான ஒரு சின்ன விளக்கை எரியவிட்டால் அது குறையும்.

கிளி கூட்டமாக வாழும் பறவை. அதன் கூட்டம் இப்போது நீங்கள்தான். நாள் முழுக்கத் தனியாக, கடிக்க ஒரு பொருள்கூட இல்லாமல் இருந்தால் தன் இறகைத் தானே பிடுங்கத் தொடங்கலாம். கிழிக்கக் காகிதம், கடிக்க மரத்துண்டு, தேடித் தின்னும்படி ஒளித்துவைத்த தீனி என்று வேலை கொடுங்க. காலையிலும் மாலையிலும் அது கத்தத்தான் செய்யும். அண்டைவீட்டாரை நினைத்து, அந்த நேரத்தில் கூண்டு நடைபாதை ஜன்னல் பக்கம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்க.

உங்கள் உடம்பையும் கவனிங்க. கிளியிடமிருந்து மனிதருக்குச் சிட்டகோசிஸ் என்ற பாக்டீரியாத் தொற்று வரலாம். காய்ந்த எச்சத்தின் தூசியை மூச்சில் இழுப்பதால் பரவும். காய்ச்சல், வறட்டு இருமல், சிலருக்கு நிமோனியா. கூண்டை ஈரத்துணியால் துடையுங்க, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க, அலகில் முத்தம் வேண்டாம். காய்ச்சலோடு டாக்டரிடம் போனால் "வீட்டில் கிளி இருக்கு" என்று மறக்காமல் சொல்லுங்க. காக்கட்டீலின் இறகிலிருந்து வெள்ளைத் தூள் நிறைய உதிரும். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் வாங்கும் முன்பே யோசிப்பது நல்லது.

முடியலன்னா என்ன செய்வது?

சில சமயம் வாழ்க்கை மாறிவிடும். அப்போது "சுதந்திரமா பறக்கட்டும்" என்று ஜன்னலைத் திறந்துவிடாதீங்க. தீனி கிண்ணத்தில் வரும் என்று மட்டுமே தெரிந்த கிளிக்கு அது சுதந்திரம் அல்ல. செல்லப்பிராணியைக் கைவிடுவது சிங்கப்பூரில் குற்றம். முதன்முறை குற்றம் புரிவோருக்கு 10,000 வெள்ளிவரை அபராதமோ 12 மாதம்வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

பிழைத்துக்கொண்டாலும் பிரச்சினைதான். இன்று புளோக்குகளுக்கு நடுவே மாலையில் கூட்டமாகக் கத்திக்கொண்டு பறக்கும் சிவந்த மார்புக் கிளிகள் சிங்கப்பூரின் சொந்தப் பறவைகள் அல்ல. கூண்டிலிருந்து தப்பியவையும் விடுவிக்கப்பட்டவையும் பெருகி வந்தவை. இங்கேயே காலங்காலமாக வாழும் நீள்வால் கிளிகளோடு அவை மரப்பொந்துகளுக்குப் போட்டி போடுகின்றன. வளர்க்க முடியாவிட்டால், அனுபவமுள்ள வேறொருவரிடம் ஒப்படையுங்க, அல்லது விலங்குநல அமைப்பிடம் பேசுங்க. தேசியப் பூங்காக் கழகத்தின்கீழ் இயங்கும் ஏவிஎஸ் பிரிவிடமும் ஆலோசனை கேட்கலாம்.

இவ்வளவும் படித்த பிறகும் கிளி வளர்க்கணும்னு தோணுதா? நல்லது. அப்படியென்றால் காலையில் ஒரே ஒரு பார்வைக்குப் பதில் இரண்டு நிமிடம் ஒதுக்குங்க. தராசில் எண் என்ன? தாளில் எச்சம் எப்படி? கிண்ணத்தில் இருப்பது தீனியா, உமியா? வால் ஆடாமல் மூச்சு விடுகிறதா? கொண்டை என்ன சொல்கிறது? இந்த ஐந்தையும் பார்த்துவிட்டுப் பையை எடுங்க.

அது "ஹலோ" சொல்ல மாதக்கணக்கில் ஆகலாம், சொல்லாமலே போகலாம். அதற்குள் அது சொல்லாத பலவற்றைப் புரிந்துகொள்ள நீங்கள் பழகியிருப்பீர்கள்.